ஆப்பிள் வாங்கலாம், வி.டி.ஐ. வாங்கக்கூடாதா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் ஆறு ஆண்டுகளாக வசிக்கிறேன். மாதாமாதம் மிச்சப்படுவதை எங்கே போடலாம் என்று யூடியூபில் அமெரிக்கர்களின் முதலீட்டு வீடியோக்களைப் பார்த்தேன். எல்லோரும் ஒரே குரலில் "வி.டி.ஐ. வாங்கு, வாங்கிவிட்டு மற" என்கிறார்கள். என் புரோக்கர் செயலியில் தேடினால் பெயரும் விலையும் வருகின்றன. வாங்கப் போனால், "தேவையான ஆவணம் இல்லாததால் இதை வாங்க இயலாது" என்று நின்றுவிடுகிறது. அதே செயலியில் ஆப்பிள் பங்கை எந்தத் தடையும் இல்லாமல் வாங்கினேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிதான் காரணம் என்கிறார் ஒருவர். பிரெக்ஸிட் முடிந்தபின் அந்த விதி நமக்கு எதற்கு? வி.டி.ஐ.க்கு ஈடாக இங்கேயே என்ன கிடைக்கும்? ஆப்ஷன் வழியாக வாங்கிவிடலாம் என்று நண்பர் சொல்கிறார். அது சரிதானா?

— ஹாரோவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: ஆப்பிளை விட்டுவிட்டு வி.டி.ஐ.யை மட்டும் நிறுத்துகிறார்கள் என்று கவனித்தீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. உங்களைப் போலச் செயலியோடு மல்லுக்கட்டிய பலர், அதைக் கவனிக்காமல் நேராக ஒரு தவறான முடிவுக்குப் போய்விடுகிறார்கள்: "அமெரிக்காவில் பணம் போட பிரிட்டன் அரசு விடமாட்டேன் என்கிறது."

அப்படி ஒரு காலம் இருந்தது உண்மைதான். பவுண்டை வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல பிரிட்டனில் கடுமையான செலாவணிக் கட்டுப்பாடு இருந்தது. 1979 அக்டோபரில் அதை அடியோடு நீக்கினார்கள். அதற்குப் பிறகு அமெரிக்கப் பங்கு வாங்குவதில் அரசுக்கு ஆட்சேபம் கிடையாது. இருந்திருந்தால் உங்களுக்கு ஆப்பிள் கிடைத்திருக்காது. அமெரிக்கர்கள் நமக்கு விற்க மறுக்கிறார்கள் என்பதும், வரித்துறைதான் தடுக்கிறது என்பதும் இதே சோதனையில் விழுந்துவிடும். வரித்துறைக்கு இதில் ஒரு பங்கு உண்டு, ஆனால் அது வேறு இடத்தில் வருகிறது. பின்னால் சொல்கிறேன்.

உண்மைக் காரணம் ஒரு காகிதம். அதிகபட்சம் ஏ4 அளவில் மூன்று பக்கம்.

மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டையிலிருந்து அளந்து கொடுக்கும் துவரம்பருப்புக்கு யாரும் லேபிள் கேட்பதில்லை. அதே பருப்பைப் பாக்கெட்டில் அடைத்து ஒட்டி விற்றால் எடை, தேதி, விலை, அடைத்தவர் பெயர் எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். ஆப்பிள் பங்கு அளந்து கொடுத்த பருப்பு. நீங்கள் நேரடியாக ஒரு கம்பெனியின் பங்குதாரர் ஆகிறீர்கள், அவ்வளவுதான். வி.டி.ஐ. பாக்கெட். வான்கார்டு நிறுவனம் 2001-இல் தொடங்கிய இ.டி.எஃப். அது. இ.டி.எஃப். என்றால் பல பங்குகளை ஒன்றாகக் கட்டி, சந்தையில் ஒரு பங்கைப் போலவே வாங்கவும் விற்கவும் விடுகிற ஃபண்ட். அமெரிக்கச் சந்தையில் பெரியது, நடுத்தரம், சிறியது என்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் அந்த ஒரு பாக்கெட்டுக்குள் இருக்கின்றன.

இப்படிக் கட்டி விற்கும் முதலீடுகளைச் சாதாரண மக்களிடம் விற்பதானால் ‘முக்கியத் தகவல் ஆவணம்’ ஒன்றைத் தயாரித்து, வாங்குவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் ஒரு விதி கொண்டுவந்தது. ‘பிரிப்ஸ்’ விதி என்பார்கள். 2016 கடைசியில் வரவேண்டியது தள்ளிப்போய் 2018 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்தது. ஆபத்து எவ்வளவு என்பதற்கு 1 முதல் 7 வரை ஒரு எண், மொத்தச் செலவு, பிறகு எதிர்காலத்தில் என்ன கிடைக்கலாம் என்பதற்கு நான்கு கற்பனைக் கணக்குகள் — மிக மோசம், மோசம், நடுத்தரம், நல்லது — இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். 2017 வரை பிரிட்டனில் இருந்தவர்கள் வி.டி.ஐ.யைத் தாராளமாக வாங்கினார்கள். அப்போது வாங்கியவர்கள் வைத்திருக்கலாம், விற்கலாம். கூடுதலாக ஒன்று வாங்கப் போனால் அவர்களுக்கும் உங்களுக்கு வந்த அதே செய்திதான் வரும்.

மூன்று பக்கம்தானே, தயாரித்துக் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். தயாரிக்க வேண்டியவர் ஃபண்டை நடத்துபவர். உங்கள் புரோக்கர் அல்ல. அமெரிக்கக் கம்பெனிகள் அதைச் செய்யாததற்கு இரண்டு காரணங்கள் தெரிகின்றன. அமெரிக்காவில் சிறு முதலீட்டாளர்களிடம் பேசும்போது "இவ்வளவு கிடைக்கும்" என்று எதிர்காலத்தை எண்ணாக்கிச் சொல்வதற்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. ஐரோப்பா எதைச் சொல்லியே ஆகவேண்டும் என்கிறதோ, அதைச் சொல்வதற்கு அங்கே வக்கீல்கள் தயங்குவார்கள். இரண்டாவது காரணம் வியாபாரம். இதே வான்கார்டும், ஐஷேர்ஸ் என்ற பெயரில் விற்கும் பிளாக்ராக்கும், இன்வெஸ்கோவும் ஐரோப்பாவுக்கென்றே தனிக் கடை விரித்திருக்கிறார்கள். அங்கே அதே சரக்கை லேபிளோடு விற்கும்போது, அமெரிக்கக் கடைக்கும் சேர்த்து லேபிள் அடிக்க அவர்களுக்கு என்ன அவசரம்?

இனி பிரெக்ஸிட். ஒன்றியத்தைவிட்டு வெளியேறினாலும், அதுவரை இருந்த ஐரோப்பிய விதிகளை பிரிட்டன் மொத்தமாகத் தன் சட்டமாக நகலெடுத்துக்கொண்டது. 2020 டிசம்பர் 31 அன்று இடைக்காலம் முடிந்தபோது பிரிப்ஸும் அந்த மூட்டையோடு வந்து சேர்ந்தது. வீட்டைக் காலி செய்தவர் பழைய வீட்டுச் சட்டதிட்டங்களையும் பெட்டியில் கட்டி எடுத்துவந்த கதைதான். பிறகு பிரிட்டனே இதை மாற்ற முனைந்தது. 2024 நவம்பரில் பழைய விதிக்கு மாற்றாகப் புதிய சட்டம் வந்தது. ஆவணத்தின் அமைப்பில் நெகிழ்வு கிடைத்தது. ஆனால் "சுருக்கமாக ஒரு தாள் கொடு" என்ற அடிப்படை மாறவில்லை. அமெரிக்கக் கம்பெனிகள் அந்தப் புதுத் தாளையும் எழுத உட்காரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அதே மாதத்தில் ஒரு கூட்டத்தை மட்டும் இந்தத் தொல்லையிலிருந்து விடுவித்தார்கள்: லண்டனில் பட்டியலிடப்பட்ட இன்வெஸ்ட்மெண்ட் டிரஸ்ட்கள். இது பிரிட்டனின் பழைய பண்டம். பங்குகளை வாங்கி வைத்திருப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு கம்பெனி; நீங்கள் அந்தக் கம்பெனியின் பங்கை வாங்குகிறீர்கள். முதல் டிரஸ்ட் 1868-இல் வந்தது. இன்று ஸ்காட்டிஷ் மார்ட்கேஜ் என்று அழைக்கப்படும் டிரஸ்ட் 1909-இல் எதற்காகத் தொடங்கியது தெரியுமா? மலாயாவில் ரப்பர் தோட்டம் போட்டவர்களுக்குக் கடன் கொடுக்க. கார் டயருக்கு ரப்பர் தேவை ஏறிய நேரம். அந்தக் காலத்து மலாயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் பெரும்பாலும் யார் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கப் பங்குகளையே குறிவைக்கும் டிரஸ்ட்களும் உண்டு. ஜேபி மார்கன் அமெரிக்கன் 1881-இலிருந்து இருக்கிறது. ஆனால் இவற்றில் பங்குகளை ஒரு மேலாளர் தேர்ந்தெடுக்கிறார். உள்ளே இருக்கும் சொத்தின் மதிப்புக்குக் குறைந்தோ கூடியோ சந்தை விலை ஓடும். சந்தை முழுவதையும் மலிவாக வாங்கிவிட்டு மறந்துவிட நினைக்கும் உங்களுக்கு இது ஈடாகாது.

ஈடு டப்ளினில் இருக்கிறது. "இங்கேயே கிடைக்குமா" என்று கேட்டீர்கள். லண்டன் பங்குச் சந்தையில், பவுண்டில், உங்கள் செயலியிலேயே கிடைக்கும். ஆனால் பிறந்த ஊர் அயர்லாந்து. பிரிட்டிஷ் முதலீட்டாளர் ‘உள்ளூர்’ என்று நினைத்து வாங்கும் இ.டி.எஃப்.களில் ஆகப் பெரும்பாலானவை ஐரிஷ் பிரஜைகள். ஒவ்வொரு ஃபண்டுக்கும் ஐ.எஸ்.ஐ.என். என்ற பன்னிரண்டு எழுத்து அடையாளக் குறி உண்டு. அது ‘ஐ.இ.’ என்ற இரண்டு எழுத்தில் தொடங்கினால் அயர்லாந்து, ‘யு.எஸ்.’ என்றால் அமெரிக்கா. பெயரோடு ‘யூசிட்ஸ்’ என்ற சொல்லும் ஒட்டியிருக்கும். 1985-இல் ஐரோப்பா கொண்டுவந்த ஃபண்ட் விதிகளுக்குக் கட்டுப்பட்டது என்பதற்கான முத்திரை அது. அந்த முத்திரை இருந்தால் தேவையான தாளும் இருக்கும், வாங்கும் பட்டனும் வேலை செய்யும்.

ஏன் அயர்லாந்து? மழையும் பசும்புல்லும் காரணம் இல்லை. அமெரிக்கக் கம்பெனி டிவிடெண்ட் கொடுக்கும்போது வெளிநாட்டவருக்கு 30 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுக்கும். அயர்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள வரி ஒப்பந்தத்தால் ஐரிஷ் ஃபண்டுக்கு அந்தப் பிடித்தம் 15 சதவீதமாகக் குறைகிறது. பல லக்ஸம்பர்க் ஃபண்டுகளுக்கு இந்தச் சலுகை கிடைப்பதில்லை. அதற்குமேல், அந்நாட்டில் வசிக்காத முதலீட்டாளரிடம் அயர்லாந்து தன் பங்குக்கு எதுவும் பிடிப்பதில்லை. லண்டனில் பிரிட்டிஷ் கம்பெனிப் பங்கு வாங்கினால் அரை சதவீதம் முத்திரை வரி போகும். இந்த ஐரிஷ் இ.டி.எஃப்.களுக்கு அதுவும் கிடையாது.

சரி, பெயர்களுக்கு வருவோம். வீடியோவில் எஸ் அண்ட் பி 500 என்று கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் மிகப் பெரிய ஐந்நூறு கம்பெனிகளின் குறியீடு அது. அங்கே வி.ஓ.ஓ. அல்லது எஸ்.பி.ஒய். வாங்கச் சொல்வார்கள். இங்கே வான்கார்டின் வி.யு.எஸ்.ஏ., வி.யு.ஏ.ஜி., ஐஷேர்ஸின் சி.எஸ்.பி.1, எஸ்.பி.டி.ஆர்.-இன் எஸ்.பி.எக்ஸ்.5 எல்லாம் அதே குறியீட்டைத்தான் பின்தொடர்கின்றன. உள்ளே இருப்பது அதே கம்பெனிகள், அதே விகிதம்.

"ஆனால் இங்கே விலை கூடுதலாமே" என்ற அடுத்த சந்தேகம் உங்களுக்கு வரும். வி.ஓ.ஓ.-வின் ஆண்டுச் செலவு 0.03 சதவீதம். ஐஷேர்ஸின் சி.எஸ்.பி.1-க்கு 0.07. பத்தாயிரம் பவுண்டுக்கு வருடத்துக்கு 4 பவுண்ட் வித்தியாசம். லண்டனில் இன்று ஒரு காபிக் காசு. அதுவும் பொறுக்கவில்லை என்றால் எஸ்.பி.எக்ஸ்.5 இருக்கிறது. அதன் செலவும் 0.03 தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1993-இல் வந்து அமெரிக்காவில் இந்த ஆட்டத்தையே தொடங்கிவைத்த எஸ்.பி.ஒய்.-க்கு இன்னும் 0.0945 சதவீதம் வாங்குகிறார்கள். அதே குடும்பத்தில் டப்ளினில் பிறந்த தம்பி மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறான்.

நீங்கள் கேட்டது வி.டி.ஐ. ஐந்நூறு கம்பெனிகள் போதாது, முழுச் சந்தையும் வேண்டும். எஸ் அண்ட் பி 500-க்குள்ளேயே அமெரிக்கச் சந்தையின் மொத்த மதிப்பில் சுமார் 80 சதவீதம் அடங்கிவிடுகிறது. பெரிய கம்பெனிகள் அவ்வளவு பெரியவை. அதனால் இரண்டின் போக்கும் பெரும்பாலும் கூடவே ஓடும். எஸ் அண்ட் பி 500 இ.டி.எஃப். ஒன்றை வாங்கிவிட்டு ஓய்ந்துவிடுவதே என் யோசனை. இல்லை, அந்த மிச்சம் உறுத்துகிறது என்றால் இ.டி.எஃப். பட்டியலைவிட்டு வெளியே வாருங்கள். வான்கார்டுக்கு பிரிட்டனிலேயே பிறந்து வளர்ந்த சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டுகள் உண்டு. அவற்றில் ‘யு.எஸ். ஈக்விட்டி இண்டெக்ஸ் ஃபண்ட்’ எஸ் அண்ட் பி-யின் முழுச் சந்தைக் குறியீட்டையே பின்தொடர்கிறது, செலவு 0.10 சதவீதம். வி.டி.ஐ.யின் உண்மையான உள்ளூர் இரட்டை இதுதான். பலர் இ.டி.எஃப். பெயர்களுக்குள்ளேயே தேடிக் களைத்துப்போவதால் இது கண்ணில் படுவதில்லை. இ.டி.எஃப். போல நிமிடத்துக்கு நிமிடம் விலை மாறாது. ஒரு நாளைக்கு ஒரே விலை. வாங்கிவிட்டு மறக்கப் போகிறவருக்கு அதனால் நஷ்டம் இல்லை. உங்கள் செயலி பங்குகளையும் இ.டி.எஃப்.களையும் மட்டும் விற்கும் வகையாக இருந்தால், இதை வாங்க வேறு புரோக்கரிடம் போகவேண்டியிருக்கும்.

உலகம் முழுவதும் வேண்டுமென்றால் அமெரிக்கர்கள் வி.டி. என்பார்கள். அது எஃப்.டி.எஸ்.இ. குளோபல் ஆல் கேப் குறியீட்டைப் பின்தொடர்கிறது. பிரிட்டிஷ் வான்கார்டின் ‘குளோபல் ஆல் கேப்’ ஃபண்டும் அதே குறியீடுதான். இ.டி.எஃப். ஆகவே வேண்டுமென்றால் வி.டபிள்யு.ஆர்.பி.; சிறு கம்பெனிகள் அதில் இருக்காது. நாஸ்டாக் 100-க்கு இன்வெஸ்கோவின் இ.க்யூ.க்யூ.க்யூ. பெயரைப் பார்த்தாலே அமெரிக்க க்யூ.க்யூ.க்யூ.-வின் சொந்தக்காரன் என்று தெரியும்.

உலக ஃபண்ட் விஷயத்தில் ஐரிஷ் வழி அமெரிக்க வழியைவிட லாபம் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அமெரிக்க வி.டி.யை பிரிட்டனில் இருந்து வைத்திருப்பவருக்கு ஒரு ஜப்பான் கம்பெனியின் டிவிடெண்ட் எப்படி வந்து சேரும்? முதலில் ஜப்பான் தன் பங்கைப் பிடிக்கும். மிச்சம் அமெரிக்க ஃபண்டுக்குப் போகும். அங்கிருந்து பிரிட்டனுக்கு வரும்போது அமெரிக்கா 15 சதவீதம் பிடிக்கும், அதுவும் டபிள்யு-8 பென் என்ற படிவத்தை நீங்கள் நிரப்பியிருந்தால்தான், இல்லாவிட்டால் 30. ஐரிஷ் ஃபண்டில் ஜப்பானோடு முடிந்தது. இரண்டு சுங்கச்சாவடி ஒன்றாகிறது. எஸ் அண்ட் பி 500 போன்ற முழு அமெரிக்க ஃபண்டில் மட்டும் இந்த வித்தியாசம் இல்லை. ஐசா கணக்குக்குள் இரண்டு வழியிலும் 15 சதவீதம் போய்விடும். ஐசா என்பது ஆண்டுக்கு 20,000 பவுண்ட் வரை போட்டு, லாபத்துக்கு பிரிட்டனில் வரியே கட்டாமல் வளர்க்கும் கணக்கு. அமெரிக்கா முன்பே பிடித்ததை அது மீட்டுத் தராது.

அந்த 15 சதவீதத்தையும் தவிர்க்கிற ஒரு வகை உண்டு. ‘ஸ்வாப்’ இ.டி.எஃப். என்பார்கள். ஃபண்ட் அந்த ஐந்நூறு பங்குகளை நேராக வாங்கி வைக்காமல், அவை தரும் லாபத்தை அப்படியே கொடுக்கும்படி ஒரு வங்கியோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். எஸ் அண்ட் பி 500 போன்ற பரவலான குறியீடுகளின் மேலான இத்தகைய ஒப்பந்தங்களுக்கு அமெரிக்க வரிச் சட்டம் விலக்கு தருகிறது. இன்வெஸ்கோவின் எஸ் அண்ட் பி 500 யூசிட்ஸ் இ.டி.எஃப். இந்த வகை. டிவிடெண்ட் ஆண்டுக்கு ஒன்றரை சதவீதம் என்று வைத்தால், தப்புகிற பிடித்தம் 0.22 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். மேலே நாம் சண்டை போட்ட 0.04-ஐவிட இது பெரிய தொகை! அந்த வங்கி கவிழ்ந்தால் என்ன என்ற கேள்வி இருக்கிறது. அதற்கு ஈடாகப் பிணையச் சொத்துகளை வைத்திருக்கிறார்கள். அதோடு நிம்மதியாகத் தூங்க முடிகிறவருக்கு இது பொருந்தும்.

இப்போது, பின்னால் சொல்கிறேன் என்ற வரித்துறை. ஐசாவுக்குள்ளேயே எல்லாவற்றையும் வைத்திருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். வெளியே வாங்குவதாக இருந்தால் நின்று படியுங்கள். ஆவணத்தைவிட இதில்தான் அதிகம் பேர் கை சுட்டுக்கொள்கிறார்கள்.

பிரிட்டனுக்கு வெளியே பிறந்த ஃபண்டுகளை வரித்துறை இரண்டு சாதியாகப் பிரிக்கிறது. ஆண்டுதோறும் தன் வருமானக் கணக்கை வரித்துறைக்கு ஒப்புவிப்பதாக ஏற்றுக்கொண்டவை ‘ரிப்போர்ட்டிங் ஃபண்ட்’. அப்படிச் செய்யாதவை மற்றவை. முதல் வகையில் லாபத்தோடு விற்றால் மூலதன ஆதாய வரி: 18 அல்லது 24 சதவீதம், அதிலும் ஆண்டுக்கு 3,000 பவுண்ட் கழிவு. இரண்டாம் வகையில் அதே லாபம் சம்பளத்தைப் போல வருமான வரிக்குள் விழுந்துவிடும், கழிவும் கிடையாது. பத்தாயிரம் பவுண்ட் லாபம், நீங்கள் 40 சதவீத வரிப் பிரிவு என்று வைத்துக்கொள்வோம். வேறு ஆதாயம் எதுவும் இல்லையென்றால் முதல் வகையில் 7,000-க்கு 24 சதவீதம், அதாவது 1,680 பவுண்ட். இரண்டாம் வகையில் 4,000. அமெரிக்க இ.டி.எஃப்.களில் சில இந்த அந்தஸ்தைப் பெற்றிருக்கின்றன, பெரும்பாலானவை பெறவில்லை. நான் மேலே சொன்ன ஐரிஷ் பெயர்கள் பெற்றவை. இருந்தாலும் வாங்கும் முன் வரித்துறை வெளியிடும் பட்டியலில் ஐ.எஸ்.ஐ.என். குறியை வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல் ஒரு பிரம்மாண்டமான எக்ஸெல் கோப்பு. தேடும் வசதி இருப்பதால் பிழைத்தோம்.

வி.யு.எஸ்.ஏ., வி.யு.ஏ.ஜி. என்று இரண்டு பெயர் சொன்னேன் அல்லவா? முதலாவது டிவிடெண்டை உங்கள் கணக்கில் போடும். இரண்டாவது அதை வெளியே கொடுக்காமல் உள்ளேயே திரும்ப முதலீடு செய்யும், ‘அக்யுமுலேட்டிங்’ என்பார்கள். அமெரிக்க இ.டி.எஃப்.களில் இந்த வசதி இல்லை. வருமானத்தைப் பிரித்துக் கொடுத்தாக வேண்டும் என்பது அங்குள்ள வரி ஏற்பாடு. வாங்கிவிட்டு மறப்பவருக்கு இரண்டாவது வகை சௌகரியம். ஐசாவுக்கு வெளியே மட்டும் ஒரு பள்ளம் இருக்கிறது. கைக்கே வராத அந்த வருமானத்துக்கும் நீங்கள் வரி கட்ட வேண்டும். ஃபண்டின் கணக்காண்டு முடிந்து சரியாக ஆறு மாதம் கழித்து அது உங்களுக்கு வந்ததாகச் சட்டம் கருதிக்கொள்கிறது. புரோக்கர் அனுப்பும் கணக்கில் இது பெரும்பாலும் காணப்படாது, நீங்களேதான் தேடி எடுத்து எழுத வேண்டும். எழுதிய தொகையை வாங்கிய விலையோடு கூட்டிக்கொள்ள மறக்காதீர்கள். இல்லாவிட்டால் விற்கும்போது அதற்கே இன்னொரு முறை வரி கட்டுவீர்கள். பிரிட்டனில் பிறந்த ஃபண்டுக்கு இந்த ரிப்போர்ட்டிங் தலைவலி கிடையாது. அதன் அக்யுமுலேட்டிங் வகையிலும் மறுமுதலீடாகும் டிவிடெண்டுக்கு வரி உண்டு, அவ்வளவுதான்.

பவுண்டில் வாங்குகிறோமே, டாலர் ஆபத்து இல்லையே என்று நினைத்துவிட வேண்டாம். நம் ஊரில் தங்கத்தைக் கிராமில் சொன்னாலும் பவுனில் சொன்னாலும் தங்கம் அதேதான். அந்தப் ‘பவுன்’ என்ற சொல்லே பிரிட்டிஷ் பவுண்டின் வழியாக வந்தது என்பது வேறு கதை. சி.எஸ்.பி.1 என்று பவுண்டில் வாங்கினாலும், சி.எஸ்.பி.எக்ஸ். என்று டாலரில் வாங்கினாலும் உள்ளே இருப்பது ஒரே ஃபண்ட். இரண்டுமே லண்டனில்தான் விற்கின்றன. பவுண்டில் வாங்கினால் புரோக்கர் பிடிக்கும் நாணய மாற்றுக் கட்டணம் மிச்சம். டாலர் ஏறி இறங்குவதன் விளைவு எப்படியும் உங்கள் மேல்தான். அதை மட்டுப்படுத்தும் ‘ஹெட்ஜ்’ வகை ஃபண்டுகளும் உண்டு. நீண்டகாலத்துக்கு வாங்குபவருக்கு அந்தச் செலவு தேவையா என்பதில் எனக்குச் சந்தேகம். இன்னொன்று: லண்டனில் சில விலைகளைப் பவுண்டில் காட்டாமல் பென்னியில் காட்டுவார்கள். திடீரென்று நூறு மடங்கு விலை தெரிந்தால் பதற வேண்டாம்.

இதுவரை சொன்னது, உங்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை இருந்தால் பொருந்தாது. அமெரிக்கக் குடிமகன் உலகில் எங்கிருந்தாலும் அமெரிக்காவுக்கு வரிக் கணக்குக் கொடுக்க வேண்டும். அவருக்கு இந்த ஐரிஷ் ஃபண்ட் ‘வெளிநாட்டு ஃபண்ட்’. தண்டனை போன்ற வரியும் தனிப் படிவமும் காத்திருக்கின்றன. அமெரிக்க ஃபண்டை இங்கே வாங்கவிடமாட்டார்கள், ஐரிஷ் ஃபண்டை வாங்கினால் அங்கே உதைப்பார்கள். லண்டனில் வசிக்கும் அமெரிக்கர்கள் இரண்டு பக்கமும் அடிவாங்கும் மத்தளம்தான். அவர்கள் கட்டாயம் கணக்காளரைப் பார்க்க வேண்டியவர்கள்.

கடைசியாக உங்கள் நண்பரின் வழி. வேலை செய்யாத வழி என்று சொல்லமாட்டேன். பிரிப்ஸ் விதி தடுப்பது விற்பனையை. ஆப்ஷன் என்பது ஒரு பங்கைக் குறித்த விலையில் வாங்கும் அல்லது விற்கும் உரிமைக்கான ஒப்பந்தம். அந்த ஒப்பந்தம் முதிர்ந்து, அதன் விளைவாக வி.டி.ஐ. யூனிட்கள் உங்கள் கணக்கில் வந்து விழுந்தால் ஆவணம் கேட்க ஆள் இல்லை. இன்னொரு வழி, ‘தொழில்முறை முதலீட்டாளர்’ என்று புரோக்கரிடம் மனுப் போடுவது. நான்கு காலாண்டுகளாக ஒவ்வொன்றிலும் சராசரி பத்துப் பெரிய வர்த்தகங்கள், ஐந்து லட்சம் யூரோவைத் தாண்டிய முதலீடு, நிதித்துறையில் ஓராண்டாவது வேலை அனுபவம் — இந்த மூன்றில் இரண்டு இருக்க வேண்டும் என்பதே நெடுநாளாக இருந்துவரும் அளவுகோல். தேறிவிட்டால், சாதாரண வாடிக்கையாளருக்குள்ள பாதுகாப்புகளில் பலவற்றை விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆப்ஷனுக்கே திரும்புவோம். ஒரு ஒப்பந்தம் என்றால் 100 யூனிட். ஒரு யூனிட் 300 டாலர் என்று வைத்தால் ஒரே மூச்சில் 30,000 டாலர் வேண்டும், மாதாமாதம் மிச்சப்படுவதைப் போட முடியாது. ஆப்ஷனை ஐசாவுக்குள் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை, அதனால் வரி இல்லாத கணக்கையும் விட்டு வெளியே வர வேண்டும். வெளியே வந்தால் ரிப்போர்ட்டிங் கேள்வி உங்கள் தலைமேல். அமெரிக்க மண்ணில் உள்ள சொத்து 60,000 டாலரைத் தாண்டினால், உரிமையாளர் இறந்தபின் அமெரிக்காவில் வாரிசு வரிப் படிவம் தாக்கல் செய்யும் கடமை வாரிசுகளுக்கு வரும். பிரிட்டன் ஒப்பந்தம் வரியிலிருந்து காப்பாற்றினாலும், படிவம் நிரப்பும் வேலை உங்கள் மனைவி மக்களுக்கு. ஐரிஷ் ஃபண்டுக்கு இது எதுவும் இல்லை.

உங்கள் நண்பரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: பத்தாயிரம் பவுண்டுக்கு வருடம் 4 பவுண்டை மிச்சம் பிடிக்கத்தானே இவ்வளவும்?